வாராவாரம் தோட்டத்துக் காய்கறிப் பெட்டி: சந்தா கட்டும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை காலையில் தோட்டத்துக் காய்கறிப் பெட்டிகள் வந்து இறங்கும். பெயர் எழுதுவது, பணம் வாங்கிக் கட்டுவது, வராத காய்க்குப் பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அதனால் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், காய் வரும் மாதம் மட்டும் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பெட்டி சந்தானா என்னங்க? ஆன்லைன்ல காய் ஆர்டர் பண்றதுதானே?

இல்லை. ஆன்லைன் கடையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், அவர்கள் எங்கிருந்தாவது வாங்கி அனுப்புகிறார்கள். சந்தாவில், ஒரு தோட்டத்திலோ பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து தோட்டங்களிலோ அந்த வாரம் என்ன பறித்தார்களோ அதில் உங்கள் பங்கு வீட்டுக்கு வருகிறது. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ முன்கூட்டியே பணம் கட்டுவீர்கள். இத்தனை வீடு நிச்சயம் என்று விவசாயிக்குத் தெரிவதால் அந்தக் கணக்கில் அவர் பாத்தி கட்டி விதைக்கிறார்.

நான் கேக்குற காய் வருமா, இல்ல அவங்க குடுக்குறதைத்தான் வாங்கணுமா?

பெரும்பாலும் அவர்கள் கொடுப்பதுதான். சில பண்ணைகள் இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு, வேண்டாத ஒன்றிரண்டு காய்களை மாற்றிக்கொள்ள விடுவார்கள். அது நல்ல ஏற்பாடு, ஆரம்பத்தில் அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துச் சேருங்கள். மொத்தப் பெட்டியையும் என் இஷ்டத்துக்குத்தான் நிரப்புவேன் என்றால் சந்தா உங்களுக்கு ஒத்துவராது, கடையே மேல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இரண்டாம் மாதம் விலகுவது இந்த ஒரு விஷயத்தால்தான்.

எந்த மாசத்துல என்னென்ன வரும்?

தை, மாசிதான் பெட்டி நிறையும் காலம். அவரை, மொச்சை, காராமணி, தக்காளி, முள்ளங்கி, கத்தரி எல்லாம் ஒரே நேரத்தில் வரும். சமவெளியில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீட்ரூட் விளைவதும் இந்தக் குளிரில்தான். பொங்கலை ஒட்டி சர்க்கரைவள்ளி, சேனை, கருணை, பரங்கி. முதல்முறை சேருகிறவர்கள் இந்த மாதங்களில் சேர்ந்தால் சந்தோஷமாக இருப்பார்கள், ஆனால் வருடம் முழுக்க இப்படியே வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

பங்குனியிலிருந்து வைகாசி வரை பூசணி, சுரை, புடலை, வெள்ளரி, கொத்தவரை, வெண்டை, மாங்காய். முருங்கைக்காய் கொட்டிக் கிடக்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் கீரையும் உண்டு. ஆடிப்பட்டத்தில் விதைத்த வெண்டை ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கிவிடும், பின்னாலேயே பாகல், பீர்க்கு, கத்தரி.

சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் அடித்துக் கொட்டும்போது கீரை அழுகும், தக்காளி வெடிக்கும், பூவெல்லாம் உதிர்ந்துவிடும். அப்போது வாழைத்தண்டு, வாழைப்பூ, வாழைக்காய், பப்பாளிக்காய், கிழங்கு என்றுதான் பெட்டி ஓடும். முருங்கைக்காயும் பொதுவாகக் கார்த்திகை, மார்கழியில்தான் அரிதாகி விலை ஏறும். இந்த இரண்டு மாதத்தையும் ஒரு பண்ணை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் அந்தப் பண்ணையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

எங்க வீட்ல ரெண்டே பேர்தான். எந்த அளவு எடுக்கறது?

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு பேருக்கு வாரம் ஐந்தரை கிலோவுக்கு மேல் போகிறது. நடைமுறையில் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அவ்வளவு சமைப்பதில்லை. மூன்றிலிருந்து நாலு கிலோ பெட்டியில் ஆரம்பியுங்கள், அதுவும் அதிகம் என்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எடுக்கலாம்.

எடையை மட்டும் கேட்காதீர்கள், எத்தனை வகை என்றும் கேளுங்கள். நாலு கிலோவில் இரண்டு கிலோ பூசணிக்கீற்றாக இருந்தால் அது வேறு பெட்டி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் எடைக் கணக்கில் சேருமா என்பதும் முக்கியம். சென்னையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உருளை விளையாது, எங்கிருந்தோ வாங்கித்தான் சேர்க்கிறார்கள்.

கடையை விட ஜாஸ்தியா இருக்கே, ஏன்?

களை எடுப்பதும் பறிப்பதும் ஆள் வைத்துச் செய்கிற வேலை. ஒரே காயை ஏக்கர் கணக்கில் போடாமல் பதினைந்து வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனிப்பு வேண்டும். அப்புறம் வண்டி வாடகை.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டி விலை வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றே. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழ்நாடு அரசே சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மாதங்களில் பெட்டி வாங்குகிறவர்களுக்கு லாபம். விளைச்சல் அதிகமாகி, பறிகூலி கூடக் கட்டாது என்று விவசாயிகள் தக்காளியைச் செடியிலேயே விடுகிற மாதங்களில் கடையில் மலிவாகக் கிடைக்கும், நீங்கள் அதிகம் கொடுப்பதுபோல் தோன்றும். அந்த மாதங்களில் நீங்கள் கொடுக்கும் பணத்தில்தான் அந்தத் தோட்டம் அடுத்த விதைப்புப் பட்டம் வரை தாக்குப்பிடிக்கிறது. ஒரு மாத விலையை வைத்து ஒப்பிடாதீர்கள், ஆறு மாதம் சேர்த்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தும் உங்கள் வரவுக்குக் கட்டவில்லை என்றால் விட்டுவிடுவதில் தப்பே இல்லை.

முன்பணம் கேக்குறாங்க. குடுக்கலாமா?

இந்த முறையின் ஆதாரமே முன்பணம்தான். ஜப்பானில் 1970களில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பங்கள் விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டன, அதற்கு ‘தெய்க்கேய்’ என்று பெயர். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே மாதிரி தொடங்கின. அங்கே பருவத் தொடக்கத்திலேயே பங்குப் பணத்தைக் கட்டிவிடுவார்கள், விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் எல்லோருக்கும் பொது. விதை, எரு, கூலி எல்லாமே அறுவடைக்கு முந்தைய செலவு என்பதால் அந்தப் பணம் அப்போதுதான் விவசாயிக்குத் தேவை, இல்லையென்றால் வட்டிக்கு வாங்க வேண்டும்.

அதற்காக முதல் நாளே ஒரு வருடத்துக்குக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். ஒரு மாதம் பாருங்கள், பிடித்தால் மூன்று மாதம். ஒரு மழைக்காலத்தைச் சேர்ந்து தாண்டிய பிறகு வருடச் சந்தா கட்டலாம். இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் என்ன ஆகும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்கானிக்னு போட்டிருக்காங்க, எப்படி நம்புறது?

இந்தியாவில் இரண்டு வழிகளில் சான்று வாங்கலாம். ஒன்று என்பிஓபி, அதாவது மத்திய அரசின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். அதிகாரம் பெற்ற நிறுவனம் வந்து நிலத்தை ஆய்வு செய்து கொடுப்பது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இதைத் தருகிறது. இன்னொன்று பிஜிஎஸ், அதாவது பங்கேற்பு உத்தரவாத முறை. அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துப் பொறுப்பேற்பது. பிஜிஎஸ்ஸில் ‘கிரீன்’ என்றால் ரசாயனத்திலிருந்து இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலம், ‘ஆர்கானிக்’ என்றால் மாறி முடித்த நிலம். சான்று பெற்ற உணவுப் பொருளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஜைவிக் பாரத் சின்னம் இருக்கும்.

சான்றிதழைக் காட்டினால் மூன்று விஷயம் பாருங்கள்: யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், எந்தெந்தப் பயிருக்கு. நெல்லுக்கு மட்டும் சான்று வாங்கிவிட்டு அதையே காய்கறிக்கும் காட்டுகிறவர்கள் உண்டு. ‘போன வருஷம்தான் மருந்து அடிப்பதை நிறுத்தினோம், இப்போது முழு ஆர்கானிக்’ என்று சொன்னால் அதுவும் சரியில்லை. என்பிஓபி விதிப்படி காய்கறி போன்ற பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடமும், மா, தென்னை போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று வருடமும் மாற்றுக் காலம் உண்டு. மாறிக்கொண்டிருக்கிறோம் என்று நேராகச் சொல்கிற பண்ணையில் நான் தயங்காமல் சேருவேன்.

சான்றிதழே இல்லன்னா ஏமாத்துறாங்கன்னு அர்த்தமா?

அப்படியில்லை. ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயி, தான் விளைவித்ததை நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்றால் சான்று கட்டாயமில்லை என்று எஃப்எஸ்எஸ்ஏஐ விதியே சொல்கிறது. ஆனால் ஜைவிக் பாரத் சின்னத்தை அவர் போட முடியாது. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்னதைக் கேட்டு மாறிய எத்தனையோ பேர் இரண்டு மூன்று ஏக்கர்காரர்கள், காகித வேலைக்கு அவர்களிடம் ஆளும் இல்லை நேரமும் இல்லை.

சான்று இல்லாத இடத்தில் கேள்விகளால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள், எரு எங்கிருந்து, விதைக்கும் முன் விதை நேர்த்தி எப்படி என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று எப்போது எவ்வளவு தெளித்தார் என்பதைச் செய்கிறவர் தடங்கல் இல்லாமல் சொல்வார். ‘நாங்க எதுவுமே அடிக்கிறதில்ல சார், எல்லாம் இயற்கை’ என்று மட்டும் சொல்கிறவரிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

சொந்தத் தோட்டமா, கோயம்பேட்ல வாங்கி விக்கிறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் மேலே சொன்ன மாதக் கணக்கோடு பெட்டியை ஒப்பிடுங்கள். திண்டிவனத்துப் பக்கம் தோட்டம் என்று சொல்லிவிட்டுச் சித்திரை வெயிலில் வாராவாரம் கேரட், பீன்ஸ், கோஸ் அனுப்பினால் அது ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ வந்தது. மலைக்காய் தருவது தப்பில்லை, இந்த மூன்றும் வெளியிலிருந்து வாங்கியது என்று பட்டியலில் எழுதினால் போதும். அடுத்தது நிலக் கணக்கு. இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு வாரம் 500 வீட்டுக்கு ஐந்து கிலோ பெட்டி என்றால் வருடத்துக்கு 130 டன், அந்த நிலம் தாங்கவே தாங்காது.

பிறகு காயைப் பாருங்கள். ஒரே தோட்டத்துக் காய் சின்னதும் பெரியதுமாக, வளைந்தும் நெளிந்தும்தான் இருக்கும். வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். வாரம் ஒரு நாள் மட்டும் பெட்டி அனுப்புகிறவர் மற்ற நாள் பறித்த வெண்டையை எங்கே கொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். உள்ளூர்ச் சந்தையிலா, இன்னொரு ஏரியா பெட்டியிலா, ஏதாவது ஒரு தெளிவான பதில் அவரிடம் இருக்கும்.

எல்லாவற்றையும் விட நான் நம்புகிற கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த வருஷம் உங்களுக்கு எது சரியா வரல?’ நிஜமாகப் பயிர் வைக்கிறவரிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும், நீங்களே போதும் என்று சொல்லும் வரை சொல்வார். எல்லாமே நல்லா வந்துச்சு என்கிற இடத்தில் நான் சேர மாட்டேன்.

கத்தரிக்காய்ல புழு இருந்துச்சு. இதுக்கா காசு குடுக்கறேன்?

கத்தரியில் காய்த்துளைப்பான் என்று ஒரு புழு உண்டு. தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் போய்விடுவதால் கடுமையான மருந்து அடிக்கிறவர்களுக்கே அடங்காது. அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, தாக்கிய நுனிகளைக் கிள்ளி எடுத்துக் குறைக்கலாம், முழுவதும் ஒழிக்க முடியாது. கிலோவுக்கு ஒன்றிரண்டு சொத்தை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி சொத்தை என்றால் தரம் பிரிக்காமல் பையில் போட்டிருக்கிறார்கள், அது சோம்பல். படம் எடுத்து அன்றைக்கே அனுப்பி அடுத்த வாரம் ஈடு கேளுங்கள். அதோடு, புழு இருப்பதாலேயே அது மருந்தடிக்காத காய் என்றும் முடிவு செய்ய வேண்டாம், அடித்த காயிலும் புழு இருக்கும்.

மழையில ரெண்டு வாரமா கீரையே வரல. பணத்தைத் திருப்பிக் கேக்கலாமா?

சேரும்போது என்ன பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்பணக் கேள்வியில் சொன்ன பங்கு முறை என்றால் நஷ்டத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு, கேட்க முடியாது. ‘வாரம் இத்தனை கிலோ’ என்று எடைக்குப் பேசியிருந்தால் குறைந்த எடைக்கு வேறு காயோ அடுத்த மாதப் பணத்தில் கழிவோ கேட்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலான பெட்டிகள் இந்த இரண்டாம் வகைதான்.

ஆனால் பணத்தைவிட, அவர்கள் எப்போது சொன்னார்கள் என்பதை நான் பார்ப்பேன். வியாழக்கிழமையே ‘பாத்தியில தண்ணி நிக்குது, இந்த வாரம் கீரை இல்ல, வாழைப்பூ வைக்கிறோம்’ என்று சொல்கிற பண்ணையை விடாதீர்கள். சனிக்கிழமை பெட்டியைத் திறந்த பிறகு நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தால், அதுவும் இரண்டு மூன்று முறை நடந்தால், மாறிவிடுங்கள்.

ஊருக்குப் போறோம், ஒரு வாரம் நிறுத்த முடியுமா?

முடிய வேண்டும். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் ராத்திரி சொன்னால் காய் ஏற்கெனவே பறித்தாகிவிட்டது, அந்த வாரப் பணம் போகத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆப்ல ஆட்டோபே போட்டுட்டேன். நிறுத்தச் சொல்லியும் பணம் எடுத்துக்கிட்டே இருக்காங்க.

அவர்களிடம் கெஞ்ச வேண்டியதில்லை. யுபிஐ என்றால் உங்கள் ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்யலாம், கார்டு என்றால் வங்கி மூலமாகச் செய்யலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படி எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த மெசேஜைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள்.

சனிக்கிழமை வந்தா புதன்கிழமைக்குள்ள எல்லாம் வாடிப்போகுது. என்ன செய்ய?

வந்த அன்றைக்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கீரையைக் கழுவாமல், கட்டைப் பிரித்து வேரை நறுக்கி, பருத்தித் துணியிலோ காகிதத்திலோ சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கவும். முள்ளங்கி, பீட்ரூட் தழையை உடனே வெட்டிவிடுங்கள், விட்டால் கிழங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இரண்டும் வாடும். அந்தத் தழை பொரியலுக்கு அருமை. தக்காளி வெளியே. வெங்காயமும் உருளையும் வெளியே, ஆனால் தனித்தனியாக. பழுக்கிற வாழைப்பழத்தை மற்ற காய்களோடு போட்டால் எல்லாம் சீக்கிரம் பழுத்து மஞ்சளாகும்.

சமைக்கும் வரிசையும் முக்கியம். முதல் இரண்டு நாள் கீரை, அடுத்து வெண்டை, அவரை, கத்தரி, பிறகு சுரை, புடலை, கடைசியில் வெட்டாத பூசணி, சேனை, வாழைக்காய். சனி, ஞாயிறில் பூசணி சாம்பார் வைத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை கீரையைத் தூக்கிப் போடுகிற வீடுகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

வாராவாரம் சுரைக்காயே வருது, பசங்க தொட மாட்டேங்கிறாங்க.

சுரைக்காயைத் துருவி அடை மாவில் போடுங்கள், கடலைப்பருப்போடு கூட்டு வையுங்கள், தோலைத் துவையல் அரைக்கலாம். சமைப்பதற்கு முன் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள், கசந்தால் கண்டிப்பாகச் சாப்பிடாதீர்கள். கசக்கும் சுரைக்காய் உடம்புக்கு ஆபத்து, இது நாட்டுக் காய், கடைக் காய் இரண்டுக்கும் பொருந்தும். தொடர்ந்து நாலு வாரம் ஒரே காய்தான் பெட்டியில் பாதி என்றால் அது பயிர்த் திட்டத்தில் கோளாறு, பண்ணையிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

எங்க பக்கத்துலயே உழவர் சந்தை இருக்கு. அப்புறம் எதுக்கு இது?

காலையில் போக நேரம் இருந்தால் உழவர் சந்தையே போதும். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியதிலிருந்து அடையாள அட்டை உள்ள விவசாயி இடைத்தரகு இல்லாமல் விற்கிற இடம் அது, விலையும் பலகையில் எழுதியிருக்கும். ஆனால் அங்கே வருவதெல்லாம் மருந்தடிக்காத காய் என்று நினைக்க வேண்டாம், சந்தையின் நோக்கம் அது இல்லை. நாலு வாரம் தொடர்ந்து போய் ஒரே விவசாயியிடம் வாங்கிப் பேசிப் பழகுங்கள். அவரே உங்கள் தெருவுக்குப் பை கட்டிக் கொடுக்க முன்வரலாம்.

எங்க அபார்ட்மெண்ட்ல பத்து வீடு தயார். நாங்களே ஒரு விவசாயிகிட்ட பேசலாமா?

தாராளமாக. பத்து வீட்டுக்காக அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டினால் அவருக்குக் கட்டாது. இருபது, முப்பது வீடு சேருங்கள், இல்லையென்றால் அவர் ஏற்கெனவே வந்துபோகும் தடத்தில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இறக்குவதற்கு ஒரே இடம், பணம் கட்ட ஒரே ஆள், புகார் சொல்ல ஒரே குழு. முப்பது பேரும் தனித்தனியாக அவருக்குப் போன் செய்தால் பாவம் அவர் எப்போது வயலுக்குப் போவார்?

விலையை அடித்துப் பேசாதீர்கள். விலை கட்டவில்லை என்றால் காய் வகையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள், அதை அவரும் ஏற்பார்.

ரெண்டு பண்ணை பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணுக்கு சான்றிதழ் இருக்கு, ஆனா 400 கிலோமீட்டர் தள்ளி. இன்னொண்ணு மதுராந்தகம் பக்கம், சான்றிதழ் கிடையாது. எதுல சேரட்டும்?

குழந்தைக்கோ உடம்பு முடியாதவருக்கோ மருந்து படாத காய்தான் வேண்டும் என்று தேடுகிறீர்கள் என்றால் சான்று உள்ளதில் சேருங்கள், கிழங்கு, பூசணி, சேனை மாதிரி பயணம் தாங்கும் காய்கள் அங்கிருந்து நன்றாகவே வரும். கீரை மட்டும் அவ்வளவு தூரம் வந்தால் சத்தும் ருசியும் குறைந்துவிடும்.

மற்றபடி நான் மதுராந்தகத்தைத்தான் எடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். முன்கூட்டியே போன் செய்து, வேலை குறைவாக இருக்கும் நேரம் கேட்டுப் போங்கள். மருந்து டப்பா கிடக்கிறதா, எருக்குழி இருக்கிறதா, வரப்பில் துவரையோ ஆமணக்கோ நிற்கிறதா, ஒரே காயா பல காயா என்று நடந்து பாருங்கள். அந்த ‘எது சரியா வரல?’ கேள்வியை அங்கே வயலில் நின்று கேளுங்கள். திருப்தியாக இருந்தால் ஒரு மாதச் சந்தாவை அங்கேயே கட்டிவிட்டு வரலாம்.